போலிகளை வைத்துப் பாஸ் போடாதீர்கள்: ரிலீஸ் ஒப்புதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிலீஸ் ஒப்புதல் குழுவினருக்கு,

வணக்கம். நம் திரைகளுக்கு அடித்தளமான ரியாக்ட் என்ற ஃபிரேம்வொர்க்கில் 18.2-இலிருந்து நேராக 19-க்குத் தாவியது, மறுநாள் காலையிலேயே கிடங்குகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது, இரவோடு இரவாகப் பழைய பதிப்புக்கே திரும்பியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அறிக்கையும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'தர்டு பார்ட்டி லைப்ரரி பிரச்சினை' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை ஏற்க முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பதைக் கிடங்கில் இருந்தவர் பக்கமிருந்து பாருங்கள். ஆர்டர் திரையில் சரக்கின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ், நடுவில் ஒரு எண். அந்தச் சின்ன ஸ்டெப்பர் நாம் எழுதியதல்ல, வெளியிலிருந்து எடுத்துப் போட்ட லைப்ரரி, அதாவது அடுத்தவர் எழுதி வைத்த தயார் கோடு. ஒரு தடவை அழுத்தினால் எவ்வளவு கூட வேண்டும் என்பதை நாம் சொல்லாவிட்டால் அதுவே 1 என்று எடுத்துக்கொள்ளும். அந்த 1, டிஃபால்ட்ப்ராப்ஸ் என்ற பழைய வழியில் எழுதப்பட்டிருந்தது. ஃபங்ஷன் கம்பொனென்ட்களுக்கு, அதாவது ஃபங்ஷனாக எழுதிய திரைத் துண்டுகளுக்கு, அந்த வழியை ரியாக்ட் 19 எடுத்துவிட்டது. எரர் கிடையாது, திரை வெள்ளையாகப் போகவும் இல்லை. 1 இருந்த இடத்தில் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லாத நிலை, வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். மதிப்பு வரவில்லையே என்று கன்சோலில் கத்த வேண்டிய ப்ராப்டைப்ஸையும் அதே 19 கண்டுகொள்வதில்லை.

கிடங்குக்காரர் பிளஸை அழுத்துகிறார். எண்ணோடு அன்டிஃபைன்டைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் என்ன தரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் அவர் 'என், ஏ, என்' (NaN, அதாவது 'இது எண் அல்ல') என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். சப்போர்ட்டில் இருந்த பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருந்த குறிப்புப்படி அவர் கேஷை (பிரௌசர் சேமித்து வைத்த பழைய நகலை) அழிக்கச் சொன்னார். கிடங்குக்காரர் அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே மூன்று எழுத்து.

கொடுமை அதற்கு அப்புறம்தான். திரையில் தெரிந்த அந்த மதிப்பு சர்வருக்கு அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாறும்போது நல், அதாவது வெறுமை, ஆகிவிடும். நம் சர்வரோ நல் வந்தால் 'மாற்றமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். ஆக, அவர் சேமித்த ஒவ்வொரு ஆர்டரும் பழைய எண்ணிக்கையோடு, 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்ற பச்சைப் பட்டையோடு போய்ச் சேர்ந்தது. மதியத்துக்கு மேல் அவர் திரையை நம்புவதையே விட்டுவிட்டு, அட்டைப் பெட்டி மேல் மார்க்கரால் எண்களை எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் நாங்கள் டேட்டாபேஸைச் சரி செய்தது அந்தப் பெட்டிகளின் போட்டோவைப் பார்த்துத்தான்.

இது எந்த டெஸ்டிலும் எப்படி மாட்டவில்லை என்று கூட்டத்தில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கோடைத் துண்டு துண்டாகச் சோதிக்கும் நம் யூனிட் டெஸ்ட்களில் வெளி லைப்ரரி என்று ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டெப்பர், தேதிப் பெட்டி, சார்ட், எல்லாவற்றையும் ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் மாக் செய்து, அதாவது போலியாக்கி, அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்று டிவ்வை (காலிப் பெட்டியை) வைத்திருக்கிறோம். டெஸ்ட் வேகமாக ஓட வேண்டும் என்று வந்த உத்தரவு அப்படி. மாப்பிள்ளைக்குப் பதில் அவர் போட்டோவை உட்கார வைத்துப் பொருத்தம் பார்த்தால், பொருத்தம் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பைப்லைன் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நீங்களும் ஒப்புதல் கொடுத்தீர்கள்.

லைப்ரரிகளை இறக்கிப் போடும் என்பிஎம் எச்சரித்திருக்குமே என்றும் ஒருவர் கேட்டார். பியர் டிபென்டன்சி, அதாவது தனக்கு எந்த ரியாக்ட் பதிப்பு வேண்டும் என்று லைப்ரரி சொல்வது, பொருந்தாவிட்டால் 7-ஆம் பதிப்பிலிருந்து அது இன்ஸ்டாலையே நிறுத்தும், உண்மைதான். ஆனால் நம் என்பிஎம்ஆர்சி கோப்பில் அந்தப் பொருத்தத்தைப் பார்க்காதே என்று சொல்லும் லெகஸி-பியர்-டெப்ஸ் என்ற வரி எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கிறது. அப்போதைக்குத் தலைவலி தீர யாரோ போட்டது. ஸ்டெப்பர் விஷயத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும் என்பிஎம் வாயைத் திறந்திருக்காது. ஸ்டெப்பரை எழுதியவர் 'ரியாக்ட் 16 அல்லது அதற்கு மேல்' என்று வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறார். 19 பிறக்கும் முன்பே 19-க்கும் சேர்த்துக் கொடுத்த வாக்குறுதி அது. ஆக, பேக்கேஜ் கோப்பில் எழுதியிருப்பதை வைத்துப் பொருத்தத்தை முடிவு செய்ய முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு வழியில்லாமலும் இல்லை. 2024 ஏப்ரலில் ரியாக்ட் 18.3 வந்தது. 18.2-க்கும் அதற்கும் செயல்பாட்டில் வித்தியாசமில்லை. 19-ல் எவையெல்லாம் போகப்போகின்றன என்று முன்கூட்டியே எச்சரிப்பதற்காகவே வந்த பதிப்பு. முதலில் அங்கே நின்று பாருங்கள் என்று அவர்களுடைய வழிகாட்டியே சொல்கிறது. நின்றிருந்தால் டெவலப்மென்ட் கன்சோலில் டிஃபால்ட்ப்ராப்ஸ் பற்றிய எச்சரிக்கை கம்பொனென்ட் பெயரோடு வந்திருக்கும். நாங்கள் அதற்கு நேரம் கேட்டோம். 'இடையில் ஒரு ரிலீஸ் வீண்' என்று பதில் வந்தது.

நம்மைவிட அவசரமுள்ளவர்கள்கூட நின்று பார்க்கிறார்கள். அதே 2024 ஜூனில், ஒரே சஸ்பென்ஸ் எல்லைக்குள் (தரவு வரும்வரை காத்திருப்புத் திரை காட்டும் பகுதிக்குள்) இருக்கும் கம்பொனென்ட்கள் இணையாகத் தரவு கேட்காமல் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று கேட்பதை, முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்த லைப்ரரிக்காரர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். ரியாக்ட் குழு இறுதிப் பதிப்பை நிறுத்தி வைத்து, அதைச் சரி செய்த பிறகு டிசம்பர் 5-ஆம் தேதிதான் 19-ஐ வெளியிட்டது. வியூ என்ற ஃபிரேம்வொர்க்கும் வீட் என்ற பில்டு கருவியும் இதற்கென்றே எகோசிஸ்டம்-சிஐ என்று தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. தங்கள் புதிய கோடைப் போட்டு, நக்ஸ்ட் போன்ற அடுத்தவர் ப்ராஜெக்ட்களின் டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். அடுத்தவர் வீட்டு டெஸ்டை அவர்கள் ஓட்டுகிறார்கள். நாமோ நம் வீட்டுத் திரையை ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்கிறோம்.

ரியாக்டின் உள்ளே ஒரு பொருளுக்கு 'ரகசியம், தொட்டால் வேலை போய்விடும்' என்று அர்த்தம் வரும்படி ஒரு நீளமான பெயர் இருந்தது. 19-ல் அந்தப் பெயரே மாறிவிட்டது. துணிந்து தொட்டிருந்த லைப்ரரிகள் சில அதனாலேயே விழுந்தன. தொட்டவர்கள் யாருக்கும் வேலை போனதாகத் தெரியவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து பழைய பதிப்பைத் திருப்பிப் போட்ட எங்களுக்குத்தான் அப்ரைசலில் 'தரத்தில் கவனம் தேவை' என்று வந்திருக்கிறது. அப்கிரேடு முடிந்த அன்று மாலை கேக் வெட்டினார்களே, அந்தப் போட்டோ இன்னமும் டவுன்ஹால் ஸ்லைடில் இருக்கிறது. எந்தப் பதிப்பைக் கொண்டாடினோமோ அந்தப் பதிப்பு மட்டும் சர்வரில் இல்லை. அதையும் யாராவது அப்டேட் செய்தால் நல்லது.

மன்னிக்கவும், சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஃபிரேம்வொர்க்கின் பெரிய பதிப்பு எது மாறினாலும், நாம் பயன்படுத்தும் வெளி லைப்ரரிகளை மாக் செய்யாமல், உண்மையான பிரௌசரில், உண்மையான திரையில் ஓட்டிப் பார்க்க ரிலீஸ் திட்டத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாத் திரையும் வேண்டாம், ஆர்டர், ஸ்டாக், பில் மூன்று போதும். பிரௌசரைத் தானாக இயக்கும் பிளேரைட் கருவியை வைத்து பிளஸை அழுத்து, சேமி, சர்வருக்குப் போன எண்ணைப் பார், அவ்வளவுதான். அந்த ஓட்டத்தில் சிவப்பு விழுந்தால் ரிலீஸை நிறுத்தும் அதிகாரம் அதை ஓட்டியவருக்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தெரிந்த பிரச்சினை, அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்ப்போம்' என்று அதற்கும் ஒரு டிக் விழுந்துவிடும்.

லெகஸி-பியர்-டெப்ஸ் வரியை எடுத்தால் முதல் வாரம் இன்ஸ்டாலே ஆகாமல் நிற்கும். எந்த லைப்ரரி எதற்காக நிற்கிறது என்று தெரிய அதைவிட எளிய வழி இல்லை. அந்த வாரத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

19-ஐ மறுபடி ஏற்றுவதற்குத் தேதி குறிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து, மாக் இல்லாத அந்தச் சோதனைக்கு முதலில் நேரம் ஒதுக்கிவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள். வெளி லைப்ரரிகளின் பட்டியலையும், டிஃபால்ட்ப்ராப்ஸை இன்னும் நம்பியிருப்பவை எவை என்பதையும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஃப்ரன்ட் எண்ட் குழுவிலிருந்து ஒருவர்