பியானோ வாசித்தவர்களின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் நடந்த மாஸ்டர் கிளாஸ் (மூத்த கலைஞர் சபை முன்னால் இளம் கலைஞர்களைத் திருத்திச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு) ஒன்றைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஷூபர்ட், ஷூமன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் ஜெர்மன் கவிதைகளுக்கு அமைத்த பாடல்களுக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே சந்தோஷம். ஆனால் பாடியவர்களின் பெயர், ஊர், ஒருவரது கவுனின் நிறம் வரைக்கும் எழுதிய உங்கள் செய்தியாளர், உடன் வாசித்தவர்களுக்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறார்: "பின்னணியில் பியானோ ஒலித்தது." பியானோ என்ன, தானாகவா ஒலிக்கும்?

நான் இசைக் கலைஞன் அல்ல. பாளையங்கோட்டையில் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடிய பழக்கத்தில் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசைக் குறியீடு, படிப்பேன். அந்த ஒரு தகுதியில் இங்கே லண்டனில் ஓர் இசைக் கல்லூரி வகுப்புகளில், பியானோ வாசிப்பவருக்கு இசைத்தாளின் பக்கம் திருப்பிக் கொடுக்கப் போவது வழக்கம். வாசிப்பவரின் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கம் முடியப்போகும்போது சத்தமில்லாமல் எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்துப் புரட்ட வேண்டும். (இப்போது டேப்லெட்டை வைத்துக்கொண்டு காலடியில் ஒரு பெடலை மிதித்தே பக்கம் மாற்றிவிடுகிறார்கள். எங்கள் பிழைப்பு இன்னும் எத்தனை நாளோ!) கச்சேரியில் யாரும் என்னைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த நாற்காலியிலிருந்து தெரிவது முன்வரிசை டிக்கெட்டிலும் தெரியாது.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ராட்டையில் நூல் நூற்றபடி காதலனை நினைத்துத் தவிக்கும் கிரெட்சென் என்ற பெண்ணின் பாட்டு. கவிதை ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் வருவது. ஷூபர்ட் 1814இல் இதற்கு இசை அமைத்தபோது அவருக்கு வயது 17. பியானோவில் வலது கை ராட்டைச் சக்கரம். அது விடாமல் சுழலும். இடது கையில் கால்மிதியின் தட்டல். பாதிக்கு மேல், அவனுடைய முத்தத்தை நினைத்ததும் குரல் உச்சத்துக்குப் போய் நிற்கும். சக்கரமும் நின்றுவிடும். பிறகு தயங்கித் தயங்கித்தான் மறுபடி சுழலத் தொடங்கும்.

வகுப்பெடுத்த அம்மையார் பாடிய பெண்ணிடம் வெகுநேரம் ஒன்றுமே சொல்லவில்லை. நேரே பியானோப் பக்கம் வந்தார். "தம்பி, உன் ராட்டைக்குக் கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் அவ்வளவு சீராக வாசித்திருந்தான். முத்தத்துக்குப் பின்னும் மூச்சுவிட இடமில்லாமல் சக்கரத்தைக் கிளப்பிவிட்டான். "மறுபடி எப்போது தொடங்க வேண்டும் என்று யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்டான். "யாரையும் பார்க்காதே. அவள் மூச்சு உன் காதில் விழும். அது கொஞ்சம் அடங்கட்டும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு மனமில்லாமல் கை மட்டும் வேலைக்குத் திரும்புகிற மாதிரி வாசி" என்றார் அவர்.

பல தடவை முயன்றும் சரிவரவில்லை. கடைசியாக ஒரு முறை அவன் அப்படியே வாசித்தபோது, பாடகி அடுத்த வரியை வேறு விதமாக எடுத்தாள். முதலில் பாடியபோது குரலில் இருந்த அலங்காரம் இல்லை, களைப்பு இருந்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பியானோ மாறியதில் பாட்டே மாறிவிட்டது.

நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் போக்கைப் பார்த்து அந்த நேரத்தில் வாசிப்பார். இந்தப் பாடல்களில் அப்படி இல்லை. குரலுக்கு எழுதியதைப் போலவே பியானோவுக்கும் ஒவ்வொரு சுரத்தையும் இசையமைப்பாளரே எழுதி வைத்திருக்கிறார், கவிதையின் பாதியை அதற்குள் வைத்துத்தான். குதிரையில் பாய்ந்து போகும் தகப்பன், பிள்ளை, அவனைக் கொண்டுபோக வரும் பேயரசன் என்று ஷூபர்ட் 1815இல் அமைத்த இன்னொரு பாட்டில் குதிரையின் ஓட்டம் முழுவதும் பியானோக்காரரின் வலது மணிக்கட்டில் இருக்கிறது. ஒரே சுரத்தை எட்டு சுர இடைவெளியில் இரட்டையாக, மும்மூன்றாக, படுவேகத்தில் அடித்துக்கொண்டே போக வேண்டும். ஷூபர்ட்டே ஒரு வடிவத்தில் மும்மூன்றை இரண்டிரண்டாக்கி எளிதாக்கியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கை கல்லாக இறுகிப்போவதைப் பார்க்கலாம்.

ஷூமன் 1840இல் ஹைனேயின் கவிதைகளுக்கு அமைத்த 16 பாடல்களின் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டில் பாடகர் முடித்த பிறகு பியானோ தனியாக நீண்ட நேரம் பேசும். அப்போது பாடகர் தோளைத் தளர்த்தி, அப்பாடா என்று சபையைப் பார்த்தால் வகுப்பில் கட்டாயம் திட்டு விழும். கடைசிச் சுரம் ஓயும்வரை அவரும் பாட்டுக்குள் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் பின்னணி யார்?

இது என் சொந்தக் கட்சி அல்ல. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ஹ்யூகோ வோல்ஃப் அகாடமி நடத்தும் போட்டியில் பாடகரும் பியானோ கலைஞரும் ஜோடியாகத்தான் கலந்துகொள்கிறார்கள். இத்தகைய பாடல்களுக்குப் பேர்போன லண்டன் கச்சேரி அரங்கமான விக்மோர் ஹாலே 1901இல் பெக்ஸ்டைன் என்ற பியானோ கம்பெனி கட்டியது. உடன் வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஜெரால்ட் மூர் 1967இல் மேடையிலிருந்து விடைபெற்றபோது, ஷ்வார்ஸ்காஃப், ஃபிஷர்-டீஸ்காவ் போன்ற பெரிய பாடகர்கள் அவருக்காக வந்து பாடினார்கள். அன்று விழா நாயகர் பியானோக்காரர்தான்.

உங்கள் செய்தியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளிலும் விமர்சனத்தின் கடைசி வரியில் "உறுதுணையாக வாசித்தார்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அன்று அரங்கில் கொடுத்த நிகழ்ச்சித் தாளில் பாடகர் பெயருக்கு நேரே வாசித்தவர் பெயரும் அச்சாகியிருக்கும். தேடி எடுத்து, வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தமாகப் போட்டால் போதும். பாடகர்களின் ஊர் இருந்ததால் இவர்களின் ஊரையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் வாசகர்,
ஹாரோ, லண்டன்