அணைப்பதில் தொடங்கும் கையேடு

பல்லடம்

அன்பு மாப்ளைக்கு,

நீ எழுதியது கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், "எல்லாம் நல்லாத் தெரியுதுடா" என்று நாலாம் நாளே நிறுத்திவிடுவார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தோட்டத்தில் சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாயிற்று. மாட்டுக்குக் கோடை வரை கவலையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிற குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டமான பப்பி லினக்ஸுக்கு நான் எழுதுகிற கையேட்டில் முதல் அத்தியாயமே "சிஸ்டத்தை அணைப்பது எப்படி" என்று இருக்கிறதே, பக்கம் மாறிப்போச்சா என்று கேட்டிருந்தாய். தெரிந்தேதான் அப்படி வைத்தேன். காரணம் சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோனில் கிடைத்தது.

அந்தக் குடோன் ஆபீஸில் ஒரு பழைய டெஸ்க்டாப். கேபினெட்டைத் திறந்தால் விசிறி இறக்கை மேல் பஞ்சு கம்பளி மாதிரி படிந்து கிடந்தது, விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போய்விட்டதாம். முதலாளியின் மச்சான் எங்கிருந்தோ பப்பியைப் பிடித்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு ஜிபி ராமில் சிஸ்டம் சும்மா பறக்கிறது. டிஸ்க்கே இல்லாமல் எப்படி ஓடுது என்று முதலாளிக்கு இன்னும் ஆச்சரியம். முதல் தடவை டெஸ்க்டாப் வந்ததும் ஸ்பீக்கரில் நாய் குரைத்ததாம், தறிச் சத்தத்தையும் மீறி ரெண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்களாம். ஆஸ்திரேலியாவில் பேரி கவுலர் 2003இல் இதை ஆரம்பித்தபோது தன் சிவாவா நாயின் பெயரால் வைத்தது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், கணக்கு எழுதுகிற பையன் ஒரு நாள் முழுக்க எந்தப் பாவு எந்தத் தறியில், எத்தனை மீட்டர் இறங்கியது என்று எக்செல் மாதிரியான ஜினூமெரிக்கில் ஏற்றியிருக்கிறான். மறுநாள் காலையில் ஒன்றும் இல்லை. "சேவ் பண்ணித்தானுங்கண்ணா வெச்சேன்" என்கிறான், கண்ணில் தண்ணி நிற்கிறது. அவன் சொன்னது முழுக்க உண்மை. சேவ் பண்ணித்தான் வைத்திருக்கிறான், ஆனால் அணைத்தால் எல்லாம் அழிந்துபோகிற ராமில். சாயங்காலம் அணைக்கும்போது பப்பி, இந்த செஷனைச் சேமிக்கட்டுமா என்று ஒரு பெட்டி போட்டுக் கேட்டிருக்கிறது. அதுதான் அப்பவே சேவ் பண்ணிட்டோமே, இது எதற்கு என்று வேண்டாம் என்பதை அழுத்திவிட்டான். நானோ நீயோ அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

உனக்குத் தெரிந்த கதைதான். பப்பியின் மூலச் சிஸ்டம், சுருக்கி அடைத்த ஒரு எஸ்எஃப்எஸ் கோப்பு. அதில் யாரும் எழுத முடியாது. பூட் ஆகும்போது அது ராமுக்கு வந்துவிடும், நாம் செய்கிற மாற்றமெல்லாம் அதன் மேல் ஓர் அடுக்காக, அதுவும் ராமில்தான் நிற்கும். முதல் தடவை அணைக்கும்போது நாம் சம்மதித்தால்தான் அந்த மாற்றங்களைப் பத்திரமாக வைக்கிற சேவ் ஃபைல் என்று ஒன்று உருவாகும். இதனால்தான் அது வைரஸுக்கும் அஞ்சாமல், செத்த டிஸ்க்கையும் பொருட்படுத்தாமல் ஓடுகிறது. பையனின் கணக்கு போனதும் இதே குணத்தால்தான்.

ஆங்கிலத்தில் இருக்கிற வழிகாட்டிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்ததில் பெரும்பாலும் சிஸ்டம் மொத்தமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கு, பென்டிரைவில் எழுது, மெஷின் எழும்போது முதலில் ஓடுகிற பயாஸில் பூட் வரிசையை மாற்று என்றுதான் தொடங்குகின்றன. எழுதுகிறவர் நிறுவத் தெரிந்தவர், அதனால் தான் நடந்த வழியிலேயே எழுதிக்கொண்டு போகிறார். நம் ஊரில் நிறுவுகிறவன் ஒருத்தன், உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு ஐஎஸ்ஓ என்றால் பனியன் கம்பெனி வாசலில் தொங்குகிற சர்டிபிகேட்தான். அவர்கள் கைக்கு வரும்போது சிஸ்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் முதலில் தப்புப் பண்ணக்கூடிய இடம் அணைக்கிற இடம். அதனால்தான் அது முன்னால் வந்தது. நிறுவுவதைக் கடைசியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த சிக்கல் இதைவிட நுணுக்கம். சேவ் ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் மாற்றங்கள் நேராக அதில் எழுதப்படும். பென்டிரைவில் இருந்தால், பென்டிரைவ் தேயக் கூடாது என்று ராமில் வைத்திருந்து, சாதாரணமாக 30 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் அணைக்கும்போதும்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் கடைசி எழுத்துக்கு அப்புறம் செய்த வேலை போச்சு. நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பில் சேவ் என்று ஒரு ஐகான் இருக்கிறது, அதை அழுத்தினால் உடனே எழுதிவிடும். ரெண்டு வகையையும் ஒரே பத்தியில் விளக்கப் பார்த்தேன், படித்த யாருக்கும் புரியவில்லை. இப்போது தனித்தனித் தாள். பென்டிரைவ்காரர்களுக்கு ஒன்று, டிஸ்க்காரர்களுக்கு ஒன்று. தன் தாளை மட்டும் பார்த்தால் போதும். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டேன். சிஸ்டம் மக்கர் பண்ணுகிற நேரத்தில் அதே சிஸ்டத்துக்குள் இருக்கிற பிடிஎஃபை எங்கே போய்ப் படிப்பது?

எழுத எழுத இன்னொன்றும் புலப்பட்டது. தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு ரெண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். லோகித் தமிழ் எழுத்துருவை இறக்கி, மறைந்திருக்கிற ஃபான்ட்ஸ் அடைவில் போட்டு, அப்புறம் செஷனைச் சேமித்து என்று. இவ்வளவையும் ஒரு பாட்டி படித்துச் செய்வாரா? பப்பியிலேயே ரீமாஸ்டர் கருவி இருக்கிறதே, எழுத்துருவையும் தமிழ்99 விசைப்பலகையையும் உள்ளேயே வைத்துப் புதிதாக ஒரு ஐஎஸ்ஓ செய்துவிட்டேன். ரெண்டு பக்கமும் குப்பைக்குப் போயிற்று. ஒற்றைக் கிளிக் சமாச்சாரத்தை மட்டும் தவிர்க்க முடியவில்லை. பப்பியில் ஒரு தட்டுத் தட்டினாலே திறந்துவிடும், விண்டோஸ் பழக்கத்தில் ரெண்டு தட்டுகிறார்கள், ஒரே ஜன்னல் ரெண்டாகத் திறக்கிறது, சிஸ்டத்தில் கோளாறு என்று எனக்குப் போன் வருகிறது. அதற்கு ஒரு வரி பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

பப்பிதான் சர்வரோக நிவாரணி என்று நினைத்துவிடாதே. எல்லாமே ரூட்டாக, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு ஓடுவது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். பாங்க் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு ஒல்லி லினக்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன். அப்புறம் இந்த பிரவுசர். சிஸ்டம் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் பிரவுசர் வந்து உட்கார்ந்ததும் ஒரு ஜிபி ராம் மூச்சுத் திணறுகிறது. 50 எம்பியில் டேம் ஸ்மால் லினக்ஸை ஒரு குட்டி சிடியில் எழுதிக்கொண்டு நாம் காலேஜ் லேபில் அலட்டிக்கொண்ட காலம் ஞாபகம் இருக்கிறதா? 2024இல் அதே பெயரில் திரும்ப வந்தபோது, ஒரு 700 எம்பி சிடிக்குள் அடங்குவதே இலக்கு என்று ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த இன்னொரு லினக்ஸான டெபியன் 13இல், 32 பிட் என்கிற பழைய வகை மெஷின்களுக்கு நிறுவியே கிடையாது. பழைய மெஷின்களுக்கு இனி இடம் சுருங்கிக்கொண்டேதான் போகும்.

ஆனால் 64 பிட் மெஷின்கள் வீட்டுக்கு வீடு அட்டாலியில் தூங்குகின்றன. 2011இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப்களைச் சொல்கிறேன். பேட்டரி போயிருக்கும், திரை நன்றாக இருக்கும். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டதால் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தக் கையேட்டை விடாமல் எழுதுகிறேன்.

உன்னிடம் ரெண்டு வேலை. பூட் மெனு பக்கத்தில் டெல்லுக்கும் லெனோவோவுக்கும் எஃப்12, ஹெச்பிக்கு எஸ்கேப் தட்டி எஃப்9 என்று போட்டிருக்கிறேன். உன் வீட்டு ஹெச்பியில் சரிபார்த்துச் சொல், வெளி சிஸ்டம் பூட் ஆகாமல் தடுக்கிற செக்யூர் பூட்டை நிறுத்துகிற படியையும் சேர்த்து. நிறுவுகிற அத்தியாயத்தை நீ படிக்க வேண்டாம், உனக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் இடறாது. உன் வீட்டு அம்மிணியிடம் கொடுத்துப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார். எங்கே நின்றாள் என்று மட்டும் குறித்து அனுப்பு.

நோம்பிக்கு வரும்போது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய டிடிஆர்2 ராம் ரெண்டு ஜிபி கார்டு கிடைத்தால் நாலைந்து எடுத்து வா. காசு இங்கே தருகிறேன்.

அன்புடன்,
உன் பல்லடத்து மாப்ளை