கிராண்ட் கேன்யன் போகும் நம் மக்களுக்கு, அந்த நீலக் கல் பற்றி

அமெரிக்காவில் வாழும், விடுமுறைக்கு அரிசோனா பக்கம் வண்டியைத் திருப்பும் தமிழ் மக்களுக்கு வணக்கம்.

பேஜ் ஊரிலிருந்து கிராண்ட் கேன்யனுக்கு வரும் வழியில், கேமரன் அருகே நவஹோ பழங்குடி மக்கள் போட்டிருக்கும் சாலையோர நகைக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக் காப்பு, டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மோதிரம், காதணி. நம்மவர்கள் இறங்கியதுமே பேரம் தொடங்கிவிடும். "டவுன் கடையில் பாதி விலைதான்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறோம். அந்தப் பாதி விலைக் கல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

டர்க்காய்ஸ் நவஹோ மக்களுக்குப் புனிதமான கல். ஆனால் பெயர்பெற்ற சுரங்கங்கள் அவர்கள் நிலத்துக்கு வெளியேதான் இருக்கின்றன: அரிசோனாவில் கிங்மன், பிஸ்பீ, மொரென்சி, நெவாடாவில் சின்னச் சின்னதாகப் பல. பெரும்பாலும் செம்பு தோண்டும் இடத்தில் கூடவே கிடைப்பது இது. செம்பு தரும் நிறம் நீலம், இரும்பு கலந்தால் பச்சை. கோடே இல்லாத வானநீலக் கல்லுக்குப் பெயர்போனது குளோப் ஊர் அருகிலுள்ள ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம். அங்கே டர்க்காய்ஸ் எடுப்பது 2012-இல் நின்றுவிட்டது. அந்தப் பெயரில் ஒரு கடை தட்டு தட்டாக மலிவு விலைக்கு வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சீனாவின் ஹூபே மாகாணத்துக் கல்லும் நிறைய வருகிறது. அதிலும் நல்ல கல் உண்டு. அதை நெவாடா கல் என்று விற்பதுதான் அயோக்கியத்தனம்.

அப்புறம், பிசின் ஏற்றிய கல். சுண்ணாம்பு போல மெத்தென்றிருக்கும் டர்க்காய்ஸில் பிசினை ஏற்றிக் கெட்டியாக்குவார்கள். சந்தையில் பெரும்பகுதி இதுதான். சொல்லி விற்றால் குற்றமில்லை. 'பிளாக்' என்பது வேறு கதை. பிளாஸ்டிக்கில் சாயம் கலந்து கட்டியாக வார்த்து அறுத்தது, கல்லே இல்லை.

1990-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பழங்குடிக் கலைப் பொருள் சட்டப்படி, வேறு யாரோ செய்ததைப் பழங்குடியினர் செய்தது என்று விற்றால் சிறை வரைக்கும் போகலாம். பிலிப்பைன்ஸில் செய்த நகையை இப்படி விற்றுப் பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கேள்வி செய்தவர் யார் என்பதுதான். கல் எந்தச் சுரங்கம் என்பதல்ல. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

தங்கம் வாங்கிப் பழகிய நமக்குச் செய்கூலி என்றாலே குறைக்கச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்தக் காப்பில் வெள்ளியின் எடை விலை கொஞ்சம்தான். உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பதித்த பூவேலை, கல்லின் வளைவுக்கு ஏற்றபடி சுற்றிலும் மடித்த மெல்லிய வெள்ளி விளிம்பு, இதற்குத்தான் மீதிக் காசு. அமெரிக்க ராணுவம் அடைத்து வைத்திருந்த நவஹோ மக்கள் 1868-இல் சிறைவாசம் முடிந்து ஊர் திரும்பிய காலத்தை ஒட்டி வளர்ந்த தொழில் இது; அன்று வெள்ளி நாணயங்களான டாலரையும் மெக்சிகோ பெசோவையும் உருக்கித்தான் நகை செய்தார்கள். "ஆயிரம் வருஷப் பாரம்பரிய வெள்ளி" என்று கடைக்காரர் அளந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

செய்தவர் யார், கல் எந்தச் சுரங்கம், பிசின் ஏற்றியதா என்று கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். கல்லை உயர்த்திக்காட்ட அடியில் மரத்தூள் வைக்கும் வழக்கமும் உண்டு. ஈரம் பட்டால் அது உப்பிக் கல்லைத் தள்ளிவிடும். அதனால் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் காப்பைக் கழற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
அரிசோனாவில் வசிக்கும் ஒரு நகைப் பித்து