ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: டைட்டானிக் கதை சொல்லும் சேனல்காரர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழில் வரலாறு, விபத்து, மர்மம் என்று காணொளி போடுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தச் சேனலின் பெயரையும் சொல்லப் போவதில்லை. 1912 ஏப்ரல் 14 இரவு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அதை முதலிலிருந்து ஆரம்பிக்கவும் போவதில்லை. போன மாதம் என் மகளுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அவள் எட்டாம் வகுப்பு. பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு வினாடி வினாவில் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டார்கள். கேள்வி இதுதான்: பனிப்பாறை டைட்டானிக்கின் பக்கவாட்டை எத்தனை அடி நீளத்துக்குக் கிழித்தது? இவள் எழுந்து, "சார், ஒரே கிழிசலா இல்ல. சின்னச் சின்னதா ஆறு இடத்துல விரிசல். எல்லாம் சேர்த்தா 12 சதுர அடிதான்" என்றாள். கேள்வி கேட்டவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "தவறு. 300 அடி." அடுத்த அணிக்குக் கேள்வி போனது, அவர்கள் 300 என்றார்கள், பத்து மதிப்பெண் வாங்கினார்கள், அந்தப் பத்தில்தான் இவர்கள் தோற்றார்கள்.

முடிந்த பிறகு நான் அவரிடம் போய் மெதுவாகத்தான் கேட்டேன், இந்தக் கேள்வி எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. அவர் கைபேசியைத் திறந்து உங்களில் ஒருவருடைய காணொளியைக் காட்டினார். "இவ்வளவு பேர் பார்த்திருக்காங்க, தப்பா இருக்குமா சார்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ்ஸில் வீடு வரைக்கும் மகள் பேசவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போதுதான், "அப்பா, நான் படிச்சதைத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். பதில் தெரிந்து சொன்ன குழந்தை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேட்கிறாள். இரண்டு மூன்று நாள் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

அவள் சொன்னது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் வைல்டிங் 1912இல் பிரிட்டிஷ் விசாரணையிலேயே இதைச் சொல்லிவிட்டார். முதல் நாற்பது நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது என்று கணக்குப் போட்டு, ஓட்டைகளின் மொத்தப் பரப்பு 12 சதுர அடி அளவுக்குத்தான் இருக்கும், காயம் தொடர்ச்சியாக இருந்திருக்காது என்றார். நம் வீட்டு அறைக் கதவை விடச் சின்னது. விசாரணை அறிக்கையில் சேதம் சுமார் 300 அடி நீளத்துக்குப் பரவியிருந்தது என்று இருக்கிறது, அந்த 300ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, கத்தியால் கீறினாற்போல ஒரே கிழிசல் என்று ஆக்கிவிட்டார்கள். 1996இல் சேற்றுக்குள் புதைந்திருக்கும் பகுதியை ஒலி அலைகளை வைத்துப் பார்த்தபோது மெல்லிய ஆறு திறப்புகள்தான் தெரிந்தன. வைல்டிங் கணக்கு சரியாக இருந்தது.

உங்கள் காணொளிக்குக் கீழே இதையெல்லாம் மரியாதையாக எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது முறை எழுதினேன், அது காணாமல் போய்விட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். காணொளியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. தவறு என்று தெரிந்த பிறகு, விளக்கப் பகுதியின் முதல் வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். அதே வரியைக் கருத்துகளில் மேலே நிறுத்தி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

உண்மையைச் சொன்ன குழந்தையைத் தப்பு என்று உட்கார வைப்பது இந்தக் கப்பல் விஷயத்தில் முன்பே நடந்திருக்கிறது. ஈவா ஹார்ட் என்ற பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவைக் கப்பலில் விட்டுவிட்டு அம்மாவோடு படகில் இருந்தவள். கப்பல் இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பெரியவளான பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் 1912 விசாரணை, கப்பல் உடையாமல் முழுசாகத்தான் மூழ்கியது என்று முடிவு எழுதிவிட்டது. அப்படிப் பார்த்ததாகச் சொன்ன மற்றவர்களின் பேச்சும் எடுபடவில்லை. 1985 செப்டம்பரில் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது முன்பாதி ஓரிடம், பின்பாதி அதிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளி. 73 வருஷம்! என் மகளுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதில் தப்பு நடந்தால் போகிறது, ஒரு கோப்பை போச்சு என்று நானும் விட்டிருப்பேன். அதே காணொளியில் அடுத்து வருவதுதான் பொறுக்க முடியவில்லை. "சீனாக்காரர்கள் பெண் வேடம் போட்டுப் படகில் ஒளிந்து தப்பினார்கள்" என்று ஒரு வரி, அதற்குப் பின்னணியில் சிரிப்புச் சத்தம். அந்தக் கப்பலில் எட்டுச் சீனர்கள் இருந்தார்கள். எட்டுப் பேரும் காசு கொடுத்து மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தவர்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் பனிக்கட்டியாய்க் குளிர்ந்த தண்ணீரில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர், 14ஆம் எண் படகு அவரைத் தூக்கியது, கொஞ்சம் தெளிந்ததுமே துடுப்பை வாங்கி வலிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அந்தப் படகில் இருந்த ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். மற்றவர்கள் நியூயார்க்கில் இறங்கி ஆறுதல் பெற்றபோது, இந்த ஆறு பேரை மட்டும் சீனர்களைத் தடுக்கும் சட்டத்தைக் காட்டி ஊருக்குள்ளேயே விடாமல், மறுநாளே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒளிந்து வந்தார்கள், வேடம் போட்டார்கள் என்று எழுதியவை அன்றைய பத்திரிகைகள். நூறு வருஷம் கழித்துத் தமிழில் அதையே சிரிப்போடு சொல்கிறீர்கள். செத்தவர்கள் வந்து கேட்க மாட்டார்கள் என்ற தைரியமா?

கப்பலின் முதல் அதிகாரி (ஃபர்ஸ்ட் ஆஃபீசர்) வில்லியம் மர்டாக் கதையும் இப்படித்தான். பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று நடந்த உண்மை போலவே சொல்லியிருக்கிறீர்கள். யாரோ ஓர் அதிகாரி சுட்டார் என்று பிழைத்தவர்கள் சிலர் சொன்னது உண்டு, அது மர்டாக்தான் என்று யாரும் நிரூபித்ததில்லை. கடைசி வரை படகை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார் என்று சக அதிகாரி லைட்டோலர் மர்டாக்கின் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1997இல் வந்த படம் அவரைச் சுட்டுச் சாகிறவராகக் காட்டியது. ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்த ஊரான டால்பீட்டி மக்கள் விடவில்லை. மறுவருஷம் அந்தப் பட நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் ஊருக்கே வந்து வருத்தம் தெரிவித்து, மர்டாக் பெயரில் பள்ளியில் தரும் பரிசுக்கு 5,000 பவுன் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய நிறுவனம் கடல் தாண்டி வந்து சொல்ல முடிந்ததை, உட்கார்ந்த இடத்தில் ஒரு வரியில் சொல்ல உங்களுக்கு ஏன் முடியவில்லை?

இதோடு நிற்கிறதா என்றால் இல்லை. கப்பலில் சாபம் பிடித்த மம்மி இருந்ததாம். நீங்கள் படத்தில் காட்டுவது மம்மியை மூடும் எகிப்தியப் பலகை, அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பது, டைட்டானிக்கில் ஏறவே இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காக டைட்டானிக்குக்குப் பதிலாக அதன் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கை மாற்றி அனுப்பினார்களாம். கட்டியது 15 லட்சம் பவுனில், காப்பீடு 10 லட்சம் பவுனுக்கு, இதில் யாருக்கு என்ன லாபம்? கடலடியில் கிடக்கும் கப்பலின் சுழலியில் (ப்ரொப்பெல்லர்) டைட்டானிக்கின் கட்டுமான எண்ணான 401தான் இருக்கிறது. டைட்டானிக் என்றில்லை, எந்த வரலாறு என்றாலும் தலைப்பில் மர்மம், அதிர்ச்சி, வெளிவராத ரகசியம். புத்தகம் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று நீங்கள்தான் நூலகம் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

சரி, கோபத்தில் வார்த்தை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியாததில்லை. என் மகளுக்கு இந்தக் கப்பல் மேல் ஆசை வந்ததே உங்களில் ஒருவர் போட்ட நல்ல காணொளியைப் பார்த்துத்தான். நிஜக் கதைகளுக்கும் பஞ்சம் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிறந்த ரூத் பெக்கர் என்ற பன்னிரண்டு வயதுப் பெண் அந்தக் கப்பலில் இருந்தாள். குளிருமே என்று அம்மா போர்வை எடுத்து வர அனுப்பினாள், பிறகு படகு ஏறும்போது அம்மாவும் தம்பி தங்கையும் ஒன்றில், இவள் வேறொன்றில். இவள் படகில் கொதிகலன் அறையிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்த தொழிலாளர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், இவள் கொண்டுவந்த போர்வைகளைக் கிழித்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். இதைச் சொல்லுங்களேன், பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் அந்தத் திருத்தம். மறுபடியும் தயவாகக் கேட்கிறேன். எழுத நேரமில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

"திருத்தம்: பனிப்பாறை 300 அடி நீளத்துக்கு ஒரே கிழிசலாகக் கிழிக்கவில்லை. ஆறு சிறு திறப்புகள், மொத்தம் சுமார் 12 சதுர அடி. சீனப் பயணிகள் பெண் வேடம் போட்டார்கள் என்பதும், மர்டாக் சுட்டார் என்பதும் நிரூபிக்கப்படாதவை. தவறாகச் சொன்னதற்கு வருந்துகிறோம்."

போட்டதும் ஒரு செய்தி அனுப்புங்கள். மகளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா