முட்டை கேட்ட வணிகர்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லை 'கே' போடாமல் எழுதிய என் மகள், போன வாரம் இருபது முறை இம்போசிஷன் எழுதினாள். "வாயில வராத எழுத்து எதுக்குப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த 'கே' ஒரு காலத்தில் வாயில் வந்ததுதான். ரோமானியர் ஆட்சி விலகிய பிரிட்டனில், டென்மார்க், வடஜெர்மனிக் கரைகளிலிருந்து ஆங்கிள்களும் சாக்சன்களும் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் அது 'க்னிஹ்ட்'. பையன், பணியாள் என்று பொருள். பிறகு நாக்கு மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத் தீவான லிண்டிஸ்பார்னில் இருந்த மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்), அடுத்த நூற்றாண்டில் நிலம் பிடித்து உழவே தொடங்கினார்கள். 'விண்டோ' அவர்கள் சொல். காற்றின் கண் என்று பொருள். சாளரத்தைக் காற்று வரும் வழி என்று சொல்லும் நம் பழந்தமிழின் 'காலதர்' நினைவுக்கு வருகிறது அல்லவா? 'தே', 'தெம்' கூட அவர்களுடையவைதான். பொருள்களுக்குப் பெயர் கடன் வாங்குவது எங்கும் நடப்பது. 'அவர்கள்' என்ற சொல்லையே வாங்க வேண்டுமென்றால், அண்டை வீட்டாராக, சம்பந்திகளாக வாழ்ந்திருக்க வேண்டும்.

1066இல் வடபிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, ஆங்கிலத்திலேயே வழக்காட வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது!

பிள்ளைகளுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது காக்ஸ்டன் சொன்ன கதை. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தவர் அவர். 1490இல் ஒரு நூலின் முன்னுரையில் எழுதுகிறார்: தேம்ஸிலிருந்து புறப்பட்ட வணிகர்கள் சிலர், காற்றில்லாமல் கப்பல் நகராததால் கரையேறுகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் 'எக்' கேட்கிறார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாதே" என்கிறாள் வீட்டுக்காரி. அவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. 'ஐரன்' பழைய ஆங்கிலச் சொல், 'எக்' வைக்கிங்குகளோடு வந்தது. இரண்டும் முட்டைதான். வைக்கிங்குகள் குடியேறி அறுநூறு ஆண்டுகள் கழித்தும், சாக்சன்கள், வைக்கிங்குகள் என்ற அந்த இரண்டு குடியேற்றங்களும் ஒரு வாசற்படியில் முட்டிக்கொண்டிருந்தன.

எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில் சுழியுங்கள், தவறில்லை. கூடவே அந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று ஒரு வரி சொல்லுங்கள். என் மகள் இரவு முழுக்க 'க்னிஹ்ட், க்னிஹ்ட்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அந்தக் 'கே'யை அவள் விடமாட்டாள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா