படியேறும் இயந்திரம்: விற்பவரே பொருத்திப் பழக்கிக் கொடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வைத்துக்கொள்ளும் உடற்பயிற்சி இயந்திரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படியேறும் இயந்திரத்தால் இதயத்துக்கும் தொடைத் தசைகளுக்கும் கிடைக்கும் நன்மைகளை அது விரிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் அந்த இயந்திரத்தை எங்கே, எப்படி நிறுத்த வேண்டும், முதன்முதலில் அதில் கால் வைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பொதுத்துறை ஆலை ஒன்றின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், எங்கள் குடியிருப்பில் அண்மையில் நடந்ததை நேரில் பார்த்தவன் என்பதாலும், விடுபட்ட அந்தப் பகுதியை எழுதத் துணிகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி தில்லைநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கப் பணத்தில் சுழல்படி இயந்திரம் ஒன்றை வாங்கினோம். கடைக்காரர்கள் அதை ஸ்டேர் கிளைம்பர் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது படி மிஷின். கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்தது போல, நாம் ஏற ஏறப் படிகள் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு இளைஞர்கள் வேனில் கொண்டுவந்து தரைத்தளத்து அறையில் இறக்கி, அரை மணி நேரத்தில் பொருத்தி, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டு அம்மையார் அதில் ஏறிக்கொண்டிருந்தபோது இயந்திரம் முன்னும் பின்னுமாக ஆடியிருக்கிறது. அவர் பயந்துபோய், ஓடிக்கொண்டிருந்த படியிலிருந்து பின்புறமாக இறங்க முயன்று விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததோடு போயிற்று. பின்னால் சுவர் நெருக்கமாக இருந்திருந்தால் தலையில் பட்டிருக்கும்.

அன்று மாலை டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்தேன். முன்பக்க வலது காலுக்கு அடியில், இயந்திரம் வந்த பெட்டியின் அட்டையை நான்காக மடித்துச் செருகியிருந்தார்கள். ஒன்பது நாளில் அது அப்பளம் போல நசுங்கிவிட்டிருந்தது; எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது. இத்தனைக்கும் அந்தக் காலில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்கிறது, அது தளராமல் இறுக்கிப் பிடிக்க லாக் நட்டும் இருக்கிறது. ஒரு ஸ்பேனரும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நம் ஊர்க் கட்டடங்களில், தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சற்றே சரிவாகப் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு, மனிதரின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி விழும் இயந்திரத்தை ஆட்டிவிடப் போதுமானது.

குனிந்தது குனிந்தாயிற்று என்று மின் இணைப்பையும் பார்த்தேன். இயந்திரத்தின் மூன்று முள் பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகாமல், எர்த் தொடர்பே இல்லாத ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக இணைத்திருந்தார்கள். டெஸ்டரை இரும்புச் சட்டத்தில் வைத்ததும் மங்கலாக எரிந்தது. இதைப் பார்த்துப் பலர் இயந்திரம் பழுது என்று நினைத்துவிடுவார்கள். மின்னணுக் கருவிகளில் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் பாகத்தின் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் இருக்கும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் சட்டத்திலேயே நிற்கும். அந்தக் கசிவு சுருக்கென்பதோடு நின்றுவிடும். ஆனால் உள்ளே ஒரு கம்பி உறை கிழிந்து சட்டத்தைத் தொடும் நாளில், வியர்த்த கையோடு கைப்பிடியைப் பிடித்திருப்பவரைக் காப்பாற்ற அந்த எர்த்தை விட்டால் வேறு எதுவும் இருக்காது. ஆகவே இப்படிப்பட்ட இயந்திரத்துக்குத் தனியாக ஒரு சாக்கெட், முறையான எர்த், அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரை வைத்துப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பிய இயந்திரமானால், அது நம் 230 வோல்ட்டுக்கு உரியதுதானா என்பதைப் பின்புறத் தகட்டில் முதலில் படிக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் தரையில் நீள அகலத்தை அளக்கிறார்கள், கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. சுழல்படியில் நிற்பவரின் பாதம் தரையிலிருந்து ஒன்றரை அடி, சில இயந்திரங்களில் இரண்டு அடிக்கும் மேலே இருக்கும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவர் அதில் ஏறினால் உச்சந்தலை ஏறத்தாழ எட்டு அடியைத் தொடுகிறது. நம் வீட்டு மின்விசிறியின் இறக்கை எந்த உயரத்தில் சுழல்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். வியர்வையைத் துடைக்கத் துண்டை வீசித் தோளில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதை இரண்டு முறை அளக்கலாம். பரண், வாசற்படி உத்தரம், தொங்கும் விளக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இயந்திரத்தில் ஏறி இறங்கும் பக்கங்களில் பயிற்சிக்கான இடத்துக்கு அப்பால் குறைந்தது 60 செ.மீ. வெற்றிடம் வேண்டும் என்று இவ்வகைக் கருவிகளுக்கான சர்வதேசத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 20957 சொல்கிறது, அதன் எட்டாவது பகுதி படியேறும் இயந்திரங்களுக்கென்றே எழுதப்பட்டது. பின்புறத்துக்கு அந்த அளவு போதாது என்பது என் கருத்து. தவறினால் பின்னால்தான் விழுவோம் என்பதால், ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு அங்கே கண்ணாடி அலமாரியோ மேசை முனையோ இருக்கக் கூடாது.

எடையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெரிய சுழல்படி இயந்திரங்கள் 150 கிலோவைச் சுற்றி இருக்கும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். ஆகவே அறைக்குள், முன்பக்கம் சுவரை ஒட்டினாற்போல் வைத்தால் அச்சம் வேண்டியதில்லை. வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் மட்டும் வைக்க வேண்டாம். அங்கே மழைச்சாரல் வேறு படும்.

பொருத்தும்போது கைப்பிடிக் கம்பிகளின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுவதும் இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. எல்லாவற்றையும் கையால் திருகி உட்கார வைத்துவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனர் போட வேண்டும். இல்லாவிட்டால் நான்காவது துளை நேருக்கு நேர் வராது, வராத துளையில் போல்ட்டை அடித்து இறக்குவார்கள், மரை கெட்டுவிடும். ஒரு வாரம் ஓடிய பிறகு அத்தனையையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் இயந்திரத்தில் அப்படிப் பார்த்தபோது இரண்டு போல்ட்டுகள் விரலாலேயே திரும்பின.

இனி ஏறுவது பற்றி. இயந்திரம் நின்றிருக்கும்போது, இரு கைகளாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஏறி, பாதம் முழுவதும் படியில் பதிந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஆகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்; நிமிடத்துக்கு இருபது சொச்சம் படிகளில் தொடங்கி 150ஐத் தாண்டிப் போகும் இயந்திரங்கள் உண்டு. இறங்குவதானால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, படி முழுவதும் நின்ற பின் இறங்க வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை ஏறுவதற்கு முன்பே ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது, பதற்றத்தில் கண் தேடாது. புடவை, வேட்டி, லுங்கி, செருப்பு ஆகியவற்றோடு ஏறவே கூடாது. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும் என்கிறார்கள். ஏற ஏற அது அவிழும், அதன் நுனி படிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் போனால் படி நமக்காக நிற்காது. கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

படி நமக்காக நிற்காது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காகப் பெரிய மரச்சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். அதன் விளிம்பில் படிகள். கைதிகள் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அவற்றில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தண்டனையை ஒழித்தது. நாம் இன்று பணம் கொடுத்து வீட்டுக்கு வாங்கி வருவது அதன் பேரப்பிள்ளையைத்தான்.

உழைப்பும் அதற்கேற்ப அதிகம். 70 கிலோ எடையுள்ளவர் 20 செ.மீ. உயரப் படிகளில் நிமிடத்துக்கு 60 வீதம் பத்து நிமிடம் ஏறினால் 120 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகும்போது நடுவில் தாயுமானவர் சன்னதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறோம். இயந்திரத்தில் அப்படி ஓர் இடைநிலை இல்லாததால், அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலைப் போல இந்தப் பயிற்சிக்குச் சுமார் ஒன்பது மடங்கு தேவைப்படுகிறது; வேகமான நடைக்கு நான்கு மடங்குதான். எனவே நடந்து பழகியவர்கள்கூட இதில் முதல் வாரம் ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏறும்போது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிடும் முறையை, இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் நம்பக் கூடாது. அந்த மாத்திரை துடிப்பையே அடக்கி வைப்பதால், உடல் களைத்த பிறகும் எண் ஏறாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் படியின் விளிம்பு தெரியாது. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஏறி முடித்தால், இரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றுவதைத் தவிர்க்கலாம்.

கம்பியைப் பிடிப்பது வேறு, அதில் சாய்வது வேறு. வீட்டில் எடை பார்க்கும் கருவியில் நின்றுகொண்டு பக்கத்திலுள்ள மேசையில் இரு கைகளையும் ஊன்றிப் பாருங்கள், எடை மளமளவென்று குறையும். கம்பியில் சாய்ந்து ஏறினாலும் அதுவேதான் நடக்கிறது. ஆனால் இயந்திரத்தின் திரை, நாம் கொடுத்த எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, செலவழிக்காத கலோரியையும் செலவில் எழுதிவிடுகிறது. முதுகும் மணிக்கட்டும் வலிப்பதுதான் மிச்சம்.

பெரிய இயந்திரத்துக்கு இடமில்லாதவர்கள் வாங்கும் சிறிய ஸ்டெப்பருக்கு மின்சாரம் தேவையில்லை. இரண்டு மிதிகளின் அடியிலும் எண்ணெய் நிரம்பிய உருளைகள் இருக்கும். நம் உழைப்பு முழுவதும் அந்த எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது. கால் மணி நேரத்தில் உருளை தொட்டால் சுடும், எண்ணெய் இளகி மிதி இலேசாகிவிடும். பலர் இதைப் பழுதென்று கருதித் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆறவிட்டால் பழையபடி ஆகிவிடும். வழவழப்பான டைல்ஸ் தரையில் இதை அப்படியே வைக்காமல் ரப்பர் விரிப்பின் மேல் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட வேண்டும், மிதிக்கு அடியில் பிஞ்சு விரல் நுழைய இடம் இருக்கிறது.

மின்தடை பழகிப்போன நாம் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் படிகள் அப்படியே பூட்டிக்கொண்டு நிற்குமா, நம் எடைக்குக் கீழே இறங்குமா? இதை நாங்கள் கேட்டபோது கடையில் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் பதில் இருந்தது, ஆங்கிலத்தில், 37ஆம் பக்கத்தில். விழுந்த அம்மையாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

நான் சொல்ல வந்தது இதுதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கு நேராமல் பயன்படுத்தப் போதுமான அறிவுறுத்தலையும் எச்சரிக்கையையும் பொருளோடு தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. 85ஆம் பிரிவு, அதே குறைக்காகச் சேவை அளிப்பவரையும் பொறுப்பாக்குகிறது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கம்கூட இல்லை என்றால் அதைப் போதுமான அறிவுறுத்தல் என்று எப்படிச் சொல்வது? பொருத்த வருபவர் ரசமட்டம் வைத்துக் காட்ட வேண்டும், எர்த்தைச் சோதித்துக் காட்ட வேண்டும், வீட்டில் உள்ள ஒருவர் ஏறி இறங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகே ரசீதில் கையெழுத்து கேட்க வேண்டும். இதற்கு மறுக்கும் கடைகளைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் வாசகர்கள் தயங்காமல் புகார் செய்யலாம்.

எங்கள் இயந்திரம் இப்போது ஆடாமல் நிற்கிறது. தனிச் சாக்கெட் போட்டாயிற்று. அறைச் சாவி காவலாளியிடம் இருக்கிறது. எப்படி ஏறுவது, எப்படி நிறுத்துவது என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நசுங்கிய அந்த அட்டைத் துண்டை ஒரு உறையில் போட்டு, கடிதத்தோடு கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தில்லைநகர், திருச்சிராப்பள்ளி.