முடிவைப் பார்த்தவர்களும் ஓட்டிப் பார்த்தவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களின் சீசன் முடிவுகள் ரசிகர்களை ஏமாற்றுகின்றன என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏமாற்றம் உண்மைதான், ஆனால் அதில் பாதி, முடிவைக் கவனித்துப் பார்க்காததால் வருவது.

2004-இல் தொடங்கி 6 சீசன்கள் ஓடி 2010 மே 23 அன்று முடிந்த, விமான விபத்தில் தப்பி ஒரு தீவில் சிக்கியவர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர் 'லாஸ்ட்' இதற்குச் சான்று. தீவில் நடந்தவை யாவும் மெய்யாகவே நடந்தவை என்று கதாநாயகனின் தந்தை கடைசிக் கட்டத்தில் தெளிவாகச் சொல்லியும், விமானம் விழுந்தபோதே அனைவரும் இறந்துவிட்டார்கள் என்று இன்றளவும் சாதிப்பவர்கள் உண்டு. பெயர்ப் பட்டியல் ஓடும்போது தொலைக்காட்சி நிறுவனம் சேர்த்த, ஆளில்லாக் கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளின் காட்சிகள் இக்குழப்பத்தை வளர்த்துவிட்டன. அண்மையில் வடசேரி பேருந்து நிலையத்தில் இதையே வாதிட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், கடைசிப் பகுதியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்ததாகப் பெருமையுடன் வேறு சொன்னார்!

மாறாக, 3 சீசன்களுடன் 2020-இல் நிறைவுற்ற ஜெர்மன் தொடர் 'டார்க்', அதைவிடச் சிக்கலானது. அதில் வரும் நான்கு குடும்பங்களின் வம்சாவளியை நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு பார்த்த என் மருமகள் போன்றவர்கள் அதன் முடிவை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: தங்கள் கட்டுரை தலைப்பிலேயே ஒரு தொடரின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டது. இனியேனும் முதல் வரியில் ஓர் எச்சரிக்கை தந்தால் நலம்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.